தங்கச் சக்கரம் ஓடிய வாரக்கடைசி

ரேடியோத் தொழிலில் மனிதன் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளன்று செத்துப்போகிறான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருபத்தைந்து வயதிலிருந்து ஐம்பத்துநான்கு வரை உள்ளவர்கள்தான் கார் வாங்குவார்கள், பீர் குடிப்பார்கள், மெத்தை மாற்றுவார்கள் என்று விளம்பரம் கொடுக்கிறவர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலும் நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் அது உங்கள் சொந்த விருப்பம். அவர்கள் கணக்கில் வர மாட்டீர்கள். எனக்கு அக்டோபரில் ஐம்பத்தைந்து ஆகிறது. மெத்தையை அதற்குள் மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் வெர்னல் ட்ரூப். செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு நான் ‘மிட்நைட் வெர்ன்’. நள்ளிரவைப் பெயரில் வைத்துக்கொண்டு பட்டப்பகல் மூன்று மணிக்கு வந்து பேசுகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இளவட்டமாக ராத்திரி நிகழ்ச்சி நடத்தியபோது ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது நள்ளிரவு எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. ஒன்பதரைக்கெல்லாம் குறட்டை விடுகிறேன் என்று மனைவி சொல்கிறாள்.

எங்கள் நிலையத்துக்குப் பெயர் ‘தி கார்னர்’. பழைய ராப் பாட்டுகளை மட்டும் போடுவோம். பழைய என்று சொன்னால் மேலிடத்துக்குக் கோபம் வரும். ‘கிளாசிக்’ என்று சொல்ல வேண்டும். நாங்கள் போமான்ட் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் அம்மாமார், “இதெல்லாம் ஒரு பாட்டா? ஒரு வருஷத்துல காணாமப் போயிடும் பாரு” என்று கதவைச் சாத்திக்கொண்ட அதே பாட்டுகள். காணாமல் போகவில்லை. பல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன.

இதை எனக்குச் சொன்னவள் என் மனைவி கார்லோட்டா. ஃப்ளோரிசன்ட் பக்கம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்கிறவள். அங்கே காலையிலிருந்து மாலைவரை எங்கள் நிலையம்தான் ஓடும். ஒரு காலத்தில் போலீஸ்காரர்கள் காரை நிறுத்திச் சத்தத்தைக் குறைக்கச் சொன்ன பாட்டுகள் அவை. இப்போது அவற்றைக் கேட்டபடி நோயாளிகள் வாயைத் திறந்துகொண்டே தூங்கிவிடுகிறார்களாம்.

“ஊசி போட்டும் அடங்காதவங்க உங்க ஸ்டேஷன வெச்சா அடங்கிடறாங்க, வெர்னல். டாக்டர் உனக்கு நன்றி சொல்லச் சொன்னாரு” என்பாள்.

நான் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

எனக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. அதைச் சொல்லாமல் என்னால் ஒரு கதையும் சொல்ல முடியாது, கார்லோட்டாவைக் கேளுங்கள். தொண்ணூற்றாறில் என் பெரியம்மா மகன் வீட்டு நிலவறையில் பதிவு செய்தது. பாட்டின் பெயர் ‘தங்கச் சக்கரம்’. “தங்கச் சக்கரம் சுத்துது பாரு, தெருவே திரும்பிப் பாக்குது பாரு” என்பது பல்லவி. அந்தப் பாட்டில் நான் ஓட்டுகிற காருக்கு நான்கு சக்கரமும் தங்கம். பாட்டை எழுதியது கிராண்ட் அவென்யூ பஸ்ஸில், நின்றுகொண்டே, யாரோ ஒரு அம்மாளின் மளிகைப் பையை முழங்காலால் தாங்கியபடி. எனக்கு அப்போது கார் கிடையாது. சைக்கிளும் கிடையாது. ஒரு கோடைக்காலம் முழுக்க ஊரின் வடக்குப் பகுதியில் அந்தப் பாட்டு ஓடியது. ஆற்றைத் தாண்டி அக்கரையில் அப்படி ஒரு பாட்டு வந்ததே ஒருவருக்கும் தெரியாது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. என் குஞ்சுக்கோ சக்கரம்கூடப் பொன்.

அந்தப் பாட்டை எங்கள் நிலையத்தில் ஒரே ஒரு தடவை போட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். பதினொரு வருடமாக ஒலீதா ப்ரூவிட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள்தான் எங்கள் நிகழ்ச்சி இயக்குநர். எந்தப் பாட்டு எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறவள். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே. என் கூச்சல் முழுக்கத் தெரிந்தவள்.

“உன் பாட்டு யாருக்கும் தெரியலடா வெர்ன். தெரியாத பாட்டப் போட்டா ஜனங்க வேற ஸ்டேஷனுக்குப் போயிடுவாங்க.”

“போட்டாத்தானே தெரியும்?”

“தெரிஞ்சாத்தானே போடுவோம்?”

இதே நாலு வாக்கியத்தைப் பதினொரு வருடம் பேசியிருக்கிறோம். கல்யாணமான தம்பதிகள்கூட இவ்வளவு விசுவாசமாகச் சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

அவள் பக்கம் நியாயம் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை ஒரு ஓட்டல் மண்டபத்தில் கொஞ்சம் பேரை உட்காரவைத்துப் பாட்டுத் தேர்வு நடத்துவார்கள். ஒவ்வொரு பாட்டிலும் பல்லவியிலிருந்து ஏழு வினாடி. தெரியுமா, பிடிக்குமா, அலுத்துவிட்டதா என்று அவர்கள் பொத்தானை அமுக்க வேண்டும். என் தொல்லை தாங்காமல் ஒருமுறை ‘தங்கச் சக்கர’த்தையும் நடுவில் செருகினாள். முடிவு வந்தது. பிடிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அலுத்துவிட்டது என்றும் சொல்லவில்லை. தெரியாது, தெரியாது, தெரியாது. இரண்டு பேர் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கையைத் தூக்கினார்களாம்.

மார்ச் மாதம் தலைமையகத்திலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். பெயர் கீத் வாண்டர்மீர். வயது முப்பத்தொன்றோ இரண்டோ; பால் போல வெள்ளைக் காலணி. எங்கள் எல்லோரையும் கூட்ட அறையில் உட்காரவைத்து, டோனட் பெட்டியைத் திறந்துவைத்து, மிகவும் மரியாதையாகப் பேசினார். இந்தத் தொழிலில் டோனட் சும்மா வராது.

“கிளாசிக்ங்கறது பாட்டோட வயசு இல்லீங்க” என்றார். “கேக்கறவங்களுக்கு நாப்பது வயசு ஆகறப்போ, அவங்க ஸ்கூல்ல கேட்டது எதுவோ அதுதான் கிளாசிக். அது வருஷா வருஷம் நகந்துக்கிட்டே இருக்கும். நீங்கதான் நகரல. உங்க பாட்டெல்லாம் எண்பது தொண்ணூறுகள்லயே உக்காந்திருக்கு. கேக்கறவங்க ஒவ்வொருத்தரா ஐம்பத்தஞ்சத் தாண்டிட்டாங்க.”

“தாண்டினவங்க செத்தா போயிட்டாங்க?” என்றேன்.

“சேச்சே, அப்படி இல்லீங்க. அவங்க நல்லா இருக்கணும்” என்றார். மனதாரத்தான் சொன்னார், பாவம்.

அவருடைய திட்டம் இதுதான்: எண்பதுகள், தொண்ணூறுகள் மொத்தமும் போக வேண்டும். இரண்டாயிரத்து எட்டுக்குப் பிறகு வந்த பாட்டுகள் வர வேண்டும். என் மகள் பள்ளிக்கூட நடன விருந்துக்குப் போனபோது, “சத்தத்தக் குறை, இதெல்லாம் ஒரு பாட்டா?” என்று நானே கதவைச் சாத்திய பாட்டுகள் இனி கிளாசிக். என் அம்மா கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

நான் எழுந்தேன். நன்றாகவே ஆரம்பித்தேன், அதில் சந்தேகமில்லை. இந்தப் பாட்டுகள் எங்களுக்குத் தெரு, சண்டை, காதல், சவ ஊர்வலம் எல்லாமும் என்றேன். ஐம்பத்தேழு வயது தபால்காரர் ஒருத்தர் தினமும் வண்டியிலிருந்து கூப்பிட்டுப் பேசுகிறார், அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது என்றேன். ஒலீதா கண்ணைத் துடைத்தமாதிரி இருந்தது. ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார்.

“நீங்க சொல்றது எனக்குப் புரியுது வெர்ன். ஒண்ணு செய்யலாம். உங்களுக்கு ரொம்ப முக்கியம்னு படற பாட்டு ஒண்ணு சொல்லுங்க. எப்படியாவது அத வெச்சுக்க முடியுமான்னு பாக்கறேன்.”

அந்த ஒரு நிமிடம் என் கையில் இருந்தது. நாற்பது வருட ஹிப்-ஹாப் மொத்தமும் என் நாக்கின் நுனியில் வரிசை கட்டி நின்றது. என் வாய் திறந்தது. “தங்கச் சக்கரம்” என்றேன்.

ஒலீதா டோனட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டாள். ஆலோசகர் கணினியில் தேடிப்பிடித்து ஏழு வினாடி கேட்டார். “இது யாருங்க?” என்றார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது குளிப்பதற்கு ஆறு இருக்கிறது.

வீட்டில் சொன்னபோது கார்லோட்டா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எத்தன பாட்டு இருக்கு உலகத்துல! ஒருத்தன் கேட்டா, வாய்ல வந்தது அதுவா?”

“பழக்க தோஷம்.”

“அந்தத் தபால்காரர் லியோடிஸண்ணன் வேற, உன்னயப் பத்திப் பெருமையா பேசறாரு. அவருக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஈறு பாக்கறது?”

லியோடிஸ் கேன்ட்தான் நான் சொன்ன தபால்காரர். தினமும் மூன்றேகால் வாக்கில் நேச்சுரல் பிரிட்ஜ் சாலையில் வண்டியை ஓரம்கட்டிவிட்டுப் போன் போடுவார். ஏதாவது ஒரு பாட்டு கேட்பார், அன்றைக்குத் துரத்திய நாயைப் பற்றிச் சொல்வார், “சரி தம்பி, நாய் வருது” என்று வைத்துவிடுவார். பதினொரு வருடத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. கார்லோட்டாவிடம்தான் பல் சுத்தம் செய்துகொள்ள வருவார் என்பதால் அவருடைய கடைவாய்ப்பல் வரைக்கும் எனக்கு விவரம் தெரியும். மற்றபடி ஆள் கறுப்பா சிவப்பா, குட்டையா நெட்டையா, தெரியாது.

கூட்டம் முடிந்து ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒலீதா என்னை அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

“வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு உன் பாட்டப் போடறோம்.”

“எந்தப் பாட்டு?”

“உனக்கு எத்தன பாட்டுடா இருக்கு?”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். ஏன், எதற்கு, இப்போது மட்டும் என்ன என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினாள். சந்தோஷத்தை மறைக்கிறாள் என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

“நீயே அறிமுகம் பண்ணு. எவ்ளோ நேரம் வேணும்னாலும் பேசு” என்றாள்.

இருபது வினாடிக்கு மேல் பேசினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையால் கழுத்தை அறுத்துக் காட்டுகிறவள் அவள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்கிறாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. ஊர் முழுக்கச் சொன்னேன். முடிவெட்டுகிறவரிடம் சொன்னேன், தேவாலயத்தில் பாஸ்டரிடம் சொன்னேன், போமான்ட்டில் கூடப்படித்த ஒருத்தர் விடாமல் சொன்னேன். சனிக்கிழமை வீட்டுப் பின்பக்கம் விருந்து என்று அறிவித்து, ஒரு குளிர்பெட்டி கொள்ளாத அளவுக்குப் பன்றித்தோள் ஸ்டீக் வாங்கினேன். கார்லோட்டா மட்டும், “ஒலீதா ஏன் திடீர்னு ஒத்துக்கிட்டா?” என்று இரண்டு தடவை கேட்டாள். “தரம்னு ஒண்ணு இருக்கில்ல” என்று பதில் சொன்னேன். இரண்டு தடவையும் அதே பதில்.

வெள்ளிக்கிழமை வந்தது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன், ரேடியோவுக்கு. ஐந்து மணி ஆனதும் மைக்கைத் திறந்தேன். பேசினேன் பாருங்கள், அப்படி என் வாழ்நாளில் பேசியதில்லை. கிராண்ட் அவென்யூ பஸ்ஸைச் சொன்னேன், மளிகைப் பையைச் சொன்னேன், தங்கச் சக்கரத்தைப் பற்றிப் பாடியவன் பஸ்ஸுக்குச் சில்லறை தேடியதைச் சொன்னேன். நடுவில் தொலைபேசி விளக்கு மினுங்கியது. எண்ணைப் பார்த்தேன், லியோடிஸ். வழக்கமான நேரத்தில் கூப்பிடாமல் ஐந்து மணிக்குக் கூப்பிடுகிறாரே என்று தோன்றியது. ஆனால் என்னைப் பற்றிப் பேச இன்னும் நிறைய பாக்கி இருந்தது. எடுக்கவில்லை. விளக்கு தானே அணைந்துபோனது.

“எழுபதாம் நெடுஞ்சாலையில வண்டி ஒண்ணும் நகரல, அதனால நீங்களும் நகராதீங்க. திங்கக்கிழமை மூணு மணிக்கு மறுபடியும் வரேன். இங்கயே இருங்க!” என்று முடித்துப் பாட்டை ஓடவிட்டேன்.

பாட்டு ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். முடிகிற சமயத்தில் அடுத்த பாட்டு என்ன என்று திரையைப் பார்த்தேன். ‘தங்கச் சக்கரம்’ என்று இருந்தது. அதற்கடுத்து? ‘தங்கச் சக்கரம்’. திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். ஐந்து மணிக்கு, ஆறு மணிக்கு, ராத்திரி முழுக்க, சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை என் பாட்டு ஒன்றுதான்.

இந்த வழக்கம் எனக்குத் தெரியும். ஒரு நிலையம் தன் பாட்டுகளை மொத்தமாக மாற்றப்போகிறது என்றால், முதலில் இரண்டு மூன்று நாள் ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போடுவார்கள். பழைய நேயர்கள் வெறுத்துப்போய் ஓட வேண்டும், புதியவர்கள் என்ன கூத்து இது என்று எட்டிப்பார்க்க வேண்டும். இரண்டு நிலையங்கள் இப்படிச் சாவதை நான் கூட இருந்து பார்த்தவன். ஜூலை மாதத்தில் மூன்று நாள் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைக் கேட்டவன். தொழிலுக்கு வந்து மூன்று மாதமான பையன்கூட மோப்பம் பிடித்திருப்பான். நான்? பன்றித்தோள் வாங்கப் போயிருந்தேன்.

கண்ணாடிக்கு வெளியே ஒலீதா நின்றிருந்தாள். அவள் கையில் ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் அவளுடைய பூந்தொட்டி. காலடியில் இன்னோர் அட்டைப்பெட்டி. அதில் என் காபிக் கோப்பை தெரிந்தது.

வெளியே வந்து கத்தினேன்.

“தெரிஞ்சுக்கிட்டே ஏன்டி சொல்லல? மூணு நிமிஷம் மைக் என் கையில இருந்துச்சு! பதினோரு வருஷம் கேட்ட ஜனங்களுக்கு ஒரு வார்த்த, போய்ட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேனே!”

“சொல்லியிருந்தா அழுதிருப்ப.”

“அழுதா என்ன?”

“இல்ல, அந்த ஆலோசகரத் திட்டியிருப்ப. அதனாலதான்டா போறவன யாரும் மைக் பக்கமே விடறதில்ல. உனக்குத் தெரியாதா? மூணு மணிக்கே உன்ன வாசல்ல நிறுத்திப் பெட்டியக் குடுக்கச் சொன்னாங்க. நான் அஞ்சு மணிவரைக்கும் பேச விட்டேன். இது வெளிய தெரிஞ்சா, என்னையும் வேலைய விட்டு அனுப்பறதுக்குத் தரேன்னு சொன்ன ஆறு மாசச் சம்பளம் வராது.”

நான் குனிந்து என் காபிக் கோப்பையை எடுத்தேன்.

“குழந்தைங்க பாட்டு ஒண்ணத்தான் மூணு நாள் போடச் சொன்னாங்க” என்றாள். “நான்தான் உன் பாட்டச் சொன்னேன். எப்படியும் யாருக்கும் தெரியாத பாட்டு, குழப்பம் அதிகமா இருக்கும்னு சொல்லி சம்மதிக்க வெச்சேன். திங்கக்கிழமைக்கு அப்புறம் இத எங்கடா போடுவ? போடறதுக்கு இடம் ஏது? நீ அங்க உக்காந்து பேசினியே... முப்பது வருஷத்துல உன்ன அப்படிச் சந்தோஷமா நான் பாத்ததே இல்ல. அழவெச்சு அனுப்பறதுக்கு இது பரவால்லன்னு நெனச்சேன். தப்புன்னா தப்புதான்.”

ஐம்பத்துமூன்று வயது, அவளுக்கும் சாவு ஒன்றும் அதிக தூரத்தில் இல்லை. இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினோம். வாசலில் காவலாளியின் ரேடியோவில் என் குரல் தெருவே திரும்பிப் பார்க்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை விருந்தைத் தள்ளிவைக்க முடியவில்லை. அவ்வளவு இறைச்சி. எல்லோரும் வந்தார்கள். ரேடியோவைப் பின்பக்கத்தில் வைத்தேன். முதல் தடவை பாட்டு ஓடியபோது கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். இரண்டாம் தடவை தலையாட்டினார்கள். மூன்றாம் தடவை ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

“வெர்ன், அடுத்தது என்ன பாட்டு?” என்றார் பாஸ்டர், நாசூக்காக.

“இதேதான், பாஸ்டர்.”

“அதுக்கு அடுத்தது?”

“அதுவும் இதுதான்.”

பாஸ்டர் சற்று யோசித்தார். “கர்த்தர் நீடிய பொறுமையுள்ளவர்” என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். கடைசியில் என் மைத்துனன் எழுந்து போய் ரேடியோவை அணைத்தான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. என் பாட்டை நானே இனிக் கேட்க முடியாது என்ற நிலைக்கு ஒரு நாளில் வந்துவிட்டேன். பதினொரு வருடம் தவமிருந்து வாங்கிய வரம் அது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வெளியே சின்னப் பிள்ளைகள் அந்தப் பல்லவியைப் பாடிக்கொண்டு ஓடினார்கள். பெட்ரோல் போடுகிற இடத்தில் ஒரு பெண் தன் காரில் ரேடியோவை ஓங்கித் தட்டி, “யாருடா இவன்? இவனுக்கு வேற வேலயே இல்லயா?” என்று கத்தினாள். இல்லை என்று சொல்ல நினைத்தேன். இனிமேல் பாட்டுத் தேர்வு வைத்தால் செயின்ட் லூயிஸில் ஒருவர் பாக்கியில்லாமல் ‘தெரியும்’ என்று அமுக்குவார்கள். அடுத்த கையால் ‘அலுத்துவிட்டது’ என்றும் அமுக்குவார்கள். நடுவில் இருக்கிற ‘பிடிக்கும்’ என்ற பொத்தானில் மட்டும் ஒருவர் விரலும் படாமல் நான் புகழின் உச்சிக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலையில் புதிய நிலையம் பிறந்தது. என் மகள் நடன விருந்துக்குப் போட்டுக்கொண்டு ஆடிய பாட்டுதான் முதல் பாட்டு. பொய் சொல்லக் கூடாது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் பதினைந்து வருடம் கழித்து அதுவும் பல் ஆஸ்பத்திரிக்குப் போகும், அப்போது இன்னொரு வெள்ளைக் காலணிக்காரன் டோனட்டோடு வருவான் என்று நினைத்து எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஆறுதலாகவே இல்லை.

மூன்று மணிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. உடம்புக்குப் பழகிவிட்டது; அந்த நேரத்துக்குத் தொண்டை தானாகவே செருமிக்கொள்கிறது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து மீந்துபோன ஸ்டீக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கேயே இருங்கள் என்று ஊருக்கே சொல்லிவிட்டு நான் மட்டும் நிலையத்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. அழுகை வந்தது. அழுதேன். ஒலீதா சொன்னது சரிதான், மைக்கில் ஊர் கேட்கிற மாதிரி அழுகை இல்லை அது.

போன் அடித்தது. கார்லோட்டா.

“வெர்னல், மூக்கச் சிந்திக்கோ. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.”

“என்னத்த?”

“உன்னத்தான். லியோடிஸண்ணன் நாற்காலியில இருக்காரு. வந்ததுலேர்ந்து ஒரே கேள்வி. வெள்ளிக்கிழமை போன எடுக்கல, இன்னிக்கு மூணு மணிக்கு வரேன்னு சொன்னானே, எங்க அவன்னு. இங்க ரேடியோவுல எதெதோ ஓடுது. நான் அத அமத்திட்டேன். மணி மூணாச்சு. பேசு.”

“என்ன பேசறது?”

“முப்பது வருஷமா வாய மூடாதவனுக்கு இதுவுமா நான் சொல்லித் தரணும்?”

தொண்டையைச் செருமினேன். எழுந்து நின்றுகொண்டேன், நான் எப்போதும் நின்றுதான் பேசுவேன்.

“வணக்கம் செயின்ட் லூயிஸ். மணி மூணு. நான் மிட்நைட் வெர்ன். எங்க சமையக்கட்டு ஜன்னல் வழியாப் பாத்தா போக்குவரத்து நல்லா இருக்கு, பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் நடுரோட்டுல படுத்திருக்கு. லியோடிஸண்ணே, வெள்ளிக்கிழமை உங்க போன் வந்துச்சு. நான் எடுக்கல. என்னப் பத்தியே பேசிக்கிட்டிருந்தேன். அது என் கடைசி நேரம்னு எனக்குத் தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா எடுத்திருப்பேன். எடுத்து உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லியிருப்பேன். பதினோரு வருஷம் என் பேச்சக் கேட்டதுக்கு நன்றி. நாய் பூனைகிட்ட பத்திரமா இருங்க. நான் போய்ட்டு வரேன்.”

அந்தப் பக்கம் தண்ணீர் உறிஞ்சுகிற குழாயின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், “ஆ... ஆஆ... ஆ” என்று ஒரு குரல்.

“என்ன சொல்றாரு கார்லோட்டா?”

“இரு, வாய்ல குழாய் இருக்கு. எடுக்கறேன்.”

ஏதோ உலோகச் சத்தம். யாரோ துப்பினார்கள். பிறகு பதினொரு வருடமாக எனக்குத் தெரிந்த அந்தக் குரல் வந்தது, பாதி மரத்துப்போய்.

“தம்பி, அந்தச் சக்கரத்த மட்டும் மறுபடியும் போட்டுடாதப்பா.”

“போடல அண்ணே. சத்தியமா போடல. வேற என்ன போடட்டும்? சொல்லுங்க.”

“ஒண்ணும் போட வேணாம். நீ பேசிக்கிட்டிரு. உன் வீட்டுக்காரி இன்னும் கீழ்ப்பல்லுக்கே வரல.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒலீதாவின் பூந்தொட்டியைப் பற்றி, பாஸ்டர் எடுத்துக்கொண்ட துண்டுகளைப் பற்றி, இன்னும் நடுரோட்டில் படுத்திருந்த அந்தப் பூனையைப் பற்றி, கீழ்ப்பற்கள் முடியும்வரை பேசினேன்.